பூவைப் படமெடுக்கும் முன் வெளிச்சத்தைக் குறையுங்கள்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்கு பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. விடிந்ததும் கிளம்பினால் 1848-இல் உருவான தாவரவியல் பூங்காவைக் கூட்டம் சேரும் முன் பார்த்துவிடலாம். சிவப்பு டேலியாவை செல்போனில் எடுத்தால் பெரும்பாலும் இதழ்கள் ஒரே சிவப்புத் திட்டாக அப்பிக்கொள்ளும். திரையில் பூவைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழே இழுங்கள். அப்புறம் பாருங்கள், இதழின் நரம்பும் அதில் நிற்கும் பனித்துளியும் தனித்தனியாகத் தெரியும்! அதற்கு முன் லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிடுங்கள், வழித்தூசி படிந்திருக்கும். சாலையோரத் தேயிலைத் தோட்டங்களும் கொள்ளை அழகு. ஆனால் வளைவில் நிறுத்த வேண்டாம். அகலமான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுங்கள். இறங்கும்போது சின்ன கியரிலேயே வாருங்கள், பிரேக் அவ்வளவாகச் சூடாகாது.