ராஸ்பெர்ரி பை 3-க்கு நமக்கென ஓர் இயங்குதளம்: பில்ட்ரூட் செய்முறை

பள்ளிகொண்டாவுக்கு அருகே பாலாற்றங்கரையில் உள்ள என் மாமாவின் நிலத்தில், மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மணியடிக்கும் சிறு பெட்டி ஒன்றை ராஸ்பெர்ரி பை 3 என்னும் ஒற்றைப் போர்டுக் கணினி கொண்டு அமைத்திருந்தேன். ஒரு கோடையில், மின்சாரம் போய்ப் போய் வந்த ஒரே வாரத்தில், அதன் மெமரி கார்டு இருமுறை கெட்டுப்போனது. கார்டில் இருந்தது மேசைக் கணினிக்கு நிகரான முழு இயங்குதளம். அது பதிவுகளையும் தற்காலிகக் கோப்புகளையும் ஓயாமல் கார்டில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் மின்சாரம் நின்றால் கோப்பு அமைப்பு அரைகுறையாக நின்றுவிடும், அடுத்த முறை போர்டு எழுந்திருக்காது. மணியடிக்கும் பெட்டிக்குக் கார்டில் எதையும் எழுதவேண்டிய தேவையே இல்லை. ஆகவே, தேவையானதை மட்டும் கொண்ட, வாசிக்க மட்டுமே திறக்கப்படும் ஓர் இயங்குதளப் படிமத்தை (கார்டில் அப்படியே எழுதத்தக்க கோப்பை) நாமே உருவாக்குவதே சரியான வழி என்று முடிவு செய்தேன்.

இதற்குப் பில்ட்ரூட் என்னும் கட்டற்ற கருவி போதுமானது. கர்னல் (இயங்குதளத்தின் மையக்கரு), நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகம், அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பான பிஸிபாக்ஸ் ஆகியவற்றின் மூலநிரலை இறக்கி, நம் போர்டுக்கு ஏற்றபடி தொகுத்து, கார்டில் எழுதத்தக்க ஒரே கோப்பாக அது தந்துவிடும். இதே வேலையைச் செய்யும் யோக்டோ என்னும் கருவி இன்னும் விரிவானது; ஆனால் முதன்முறை செய்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். கீழே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டவேண்டும்.

படி 1: கணினியைத் தயார் செய்தல்

உபுண்டு அல்லது டெபியன் உள்ள கணினியில் 20 ஜிபி இடம் காலியாக இருக்கட்டும். தொகுப்பதற்கான அடிப்படைக் கருவிகளையும் பட்டியல் திரையைக் காட்ட உதவும் என்கர்சஸ் நூலகத்தையும் நிறுவியபின், பில்ட்ரூட்டின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை இறக்கி விரித்துக்கொள்ளுங்கள். எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் பயனராக இருந்து தொகுக்கவேண்டாம்.

படி 2: உள்ளமைவு

விரித்த கோப்புறைக்குள் சென்று 'மேக் ராஸ்பெர்ரிபை3_64_டெஃப்கான்ஃபிக்' என்று கொடுத்தால், போர்டுக்குரிய அடிப்படை அமைப்புகள் அனைத்தும் வந்துவிடும். அடுத்து 'மேக் மெனுகான்ஃபிக்' கொடுத்துப் பட்டியலைத் திறந்து, 'சிஸ்டம் கான்ஃபிகரேஷன்' பகுதியில் மூன்றை மட்டும் மாற்றுங்கள். ரூட் பயனருக்குக் கடவுச்சொல் வையுங்கள். கொடுக்காவிட்டால் யாரும் கடவுச்சொல் இன்றியே உள்ளே நுழையலாம். எழுந்திருக்கும்போது ரூட் கோப்பு அமைப்பை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் முதன்மைக் கோப்பு அமைப்பை) எழுதத்தக்கதாக மறுபடி ஏற்றும் தெரிவின் குறியை எடுத்துவிடுங்கள். இந்தச் செய்முறையின் உயிர்நாடி அதுதான். மூன்றாவதாக, ஓவர்லே கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். அந்தக் கோப்புறையில் நாம் வைப்பவை எல்லாம் அதே அமைப்பில் படிமத்துக்குள் போய்விடும். தொட்டி நிரம்பியதைக் காட்டும் மிதவை சுவிட்சின் நிலையைப் படிக்க, நூலகங்கள் பகுதியில், போர்டின் பின்களைப் படிக்க உதவும் லிப்ஜிபிஐஓடியையும் அதன் கருவிகளையும் தேர்ந்தெடுங்கள்.

படி 3: நம் நிரலை உள்ளே வைத்தல்

ஓவர்லேயில் 'இடிசி/இனிட்.டி' என்னும் கோப்புறையை உருவாக்கி, அதில் 'எஸ்99தொட்டி' என்பதுபோல் பெயரிட்ட ஷெல் நிரலை வையுங்கள். பெரிய எஸ் எழுத்திலும் இரண்டு இலக்கத்திலும் தொடங்கும் கோப்புகள் வரிசைப்படி இயக்கப்படும். அதற்கு இயக்க அனுமதி தரவேண்டும். நிரல் முடிவில்லாத சுழற்சியாக இருந்தால், அதைப் பின்னணியில் ஓடவிட, அழைக்கும் வரியின் இறுதியில் ஆம்பர்சாண்ட் குறியை (&) இடவேண்டும். அந்த ஒரு குறியை விட்டதால், மணி சரியாக அடித்தும், பயனர்பெயர் கேட்கும் உள்நுழைவு வரி வராமல், ஒரு மாலை முழுதும் கேபிளை மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருந்தேன். தொடக்க நிரல்கள் அனைத்தும் முடிந்த பின்னரே உள்நுழைவு வரி தோன்றும் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

படி 4: தொகுத்தலும் எழுதுதலும்

'மேக்' என்று மட்டும் கொடுங்கள். முதல் முறை ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கணினியின் வேகத்தையும் இணையத்தையும் பொறுத்தது. முடிந்ததும் 'அவுட்புட்/இமேஜஸ்' கோப்புறையில் 'எஸ்டிகார்டு.ஐஎம்ஜி' இருக்கும். மாமாவின் பெட்டிக்கான கோப்பு 200 எம்பிகூட வரவில்லை.

கார்டில் எழுதும்போது அவசரம் கூடாது. கார்டைச் செருகுவதற்கு முன்னும் பின்னும் வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையைக் கொடுத்து, புதிதாகச் சேர்ந்த வரி எது, அதன் கொள்ளளவு கார்டின் கொள்ளளவோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். படிமத்தைக் கார்டில் எழுதும் 'டிடி' கட்டளை நாம் சொன்ன இடத்தில் கேள்வி கேட்காமல் எழுதும். பெயர் மாறினால் கணினியின் சொந்த வட்டு அழிந்துபோகும்.

படி 5: எழுப்பிப் பார்த்தல்

3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிளின் கறுப்புக் கம்பியைப் போர்டின் 6-ஆம் பின்னிலும், கேபிளின் பெறும் கம்பியை 8-ஆம் பின்னிலும், அனுப்பும் கம்பியை 10-ஆம் பின்னிலும் இணையுங்கள். மின்சாரம் தரும் சிவப்புக் கம்பியை இணைக்காமல் விடுங்கள். கணினியில் சீரியல் முனையத்தை 115200 வேகத்தில் திறந்து, போர்டுக்கு மின்சாரம் கொடுங்கள்.

இந்தப் போர்டில் முதலில் விழிப்பது ஆர்ம் செயலி அன்று, வரைகலைச் செயலிதான். அது கார்டின் முதல் பகிர்விலிருந்து (பார்ட்டிஷனிலிருந்து) 'பூட்கோட்.பின்', 'ஸ்டார்ட்.எல்ஃப்' ஆகியவற்றை வரிசையாக ஏற்றி, 'கான்ஃபிக்.டிஎக்ஸ்டி'யைப் படித்து, கர்னலை நினைவகத்தில் வைத்தபின்னரே ஆர்ம் செயலியை இயக்கத்தில் விடும். பிழை நேர்ந்த இடத்தை இந்த வரிசையை வைத்தே கண்டுபிடிக்கலாம். திரையில் வானவில் நிறச் சதுரம் தோன்றி அப்படியே நின்றால், ஸ்டார்ட் கோப்பு வந்துவிட்டது, கர்னல் வரவில்லை என்று கொள்ளுங்கள். கர்னல் வரிகள் ஓடி, ரூட் கோப்பு அமைப்பை ஏற்ற முடியவில்லை என்று நின்றால், 'சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி'யில் பகிர்வின் பெயரைச் சரிபாருங்கள். கிணற்று மோட்டார் ஓடத் தொடங்கும் நொடியில் போர்டின் சிவப்பு விளக்கு அணைந்தால், மின்னழுத்தம் குறைகிறது என்று பொருள். அங்கே படிமத்தில் குறை தேடவேண்டாம், மின்தகவியை (பவர் அடாப்டரை) மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் சில நொடிகளில் 'பில்ட்ரூட் லாகின்' என்ற வரி தோன்றும். உள்ளே நுழைந்து, 'டச்' கட்டளையால் ரூட் கோப்புறையில் ஒரு கோப்பை உருவாக்க முயலுங்கள். வாசிக்க மட்டுமே அனுமதி என்று மறுக்கவேண்டும். தற்காலிகக் கோப்புறை மட்டும் நினைவகத்தில் இருப்பதால் அங்கே எழுத முடியும். மின்சாரம் போனால் அதில் உள்ளவை மறைந்துபோகும். தொட்டியின் நீர்மட்டத்தை மறுபடி அளந்துகொள்ளலாம் என்பதால் நமக்கு அது இழப்பு அன்று.

இனிப் பிளக்கைப் பிடுங்குங்கள். முறைப்படி நிறுத்தாமல், போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்கி, மறுபடி செருகி, உள்நுழைவு வரி வருகிறதா என்று பாருங்கள். நான் இருபது முறை அப்படிச் செய்து, இருபது முறையும் அந்த வரியைக் கண்ட பிறகுதான் பெட்டியை எடுத்துக்கொண்டு பள்ளிகொண்டாவுக்குப் பேருந்து ஏறினேன்.