ஊர்ச் சராசரியும் உங்கள் வயலும்: கணக்குப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேட்டூர் அணை முழு அளவான 120 அடியைத் தொட்டது என்று செய்தி வந்ததும் விதை நெல் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். அணையில் 93.47 டிஎம்சி இருப்பது அணையின் கணக்கு. அது கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, அப்புறம் வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி வர வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் கடைமடையில், அதாவது வாய்க்காலின் கடைசியில் இருப்பவர், போன வருஷங்களில் தம் மதகில் எத்தனை நாள் தண்ணீர் ஓடியது என்று பார்த்துத்தான் ரகத்தைத் தேர்வு செய்ய வேண்டும்.

இதைவிட மோசமாக ஏமாற்றுவது சராசரி. ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம், எண்கள் உதாரணத்துக்குத்தான். போன வருஷம் தலைமடையில் (தண்ணீர் முதலில் வரும் பக்கம்) 50 ஏக்கர், ஏக்கருக்கு 30 மூட்டை. கடைமடையில் 50 ஏக்கர், 18 மூட்டை. ஊர்ச் சராசரி 24. இந்த வருஷம் தலைமடையில் 29, கடைமடையில் 17. இரண்டு பக்கமும் ஒரு மூட்டை குறைவு. ஆனால் தண்ணீர் எட்டாததால் கடைமடையில் 20 ஏக்கர்தான் நட்டார்கள், மீதி தரிசு. சராசரி போடுங்கள்: 25.6! யாருக்குமே விளைச்சல் கூடவில்லை, ஊருக்கு மட்டும் கூடிவிட்டது. மொத்தமோ 2,400 மூட்டையிலிருந்து 1,790-க்கு இறங்கியிருக்கிறது. "இந்த வருஷம் நல்ல மகசூல்" என்று யாராவது சொன்னால், எத்தனை ஏக்கர் நட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

2016-ல் வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டிலும் இதே சிக்கல். சம்பா நெல்லுக்கு மகசூல் இழப்பை பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தை அலகாக வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரி, அந்த ஊருக்கென்று முன்பே குறித்துவைத்த உத்தரவாத மகசூலைவிடக் குறைந்தால்தான் பணம். உங்கள் வயல் மட்டும் பள்ளத்தில் கிடந்து அழுகியிருந்தால், மகசூல் கணக்கில் பணம் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். பள்ளக்கால் வயல்காரர்களுக்கு இது நியாயமா என்றால், இல்லை என்றுதான் சொல்வேன்.

சரி, ஊர்க் கணக்கை ஆள்மேல் ஏற்றுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. ராபின்சன் என்ற ஆய்வாளர் 1950-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை வைத்து இதைக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமுள்ள மாநிலங்களில் எழுத்தறிவு அதிகம். ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் அவர்களிடம் எழுத்தறிவு குறைவு. ஏற்கெனவே படித்தவர்கள் நிறைந்த மாநிலங்களில் போய்க் குடியேறியிருந்தார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் தப்பு நடக்கும். பக்கத்து வயலில் ஒரு ரகம் அமோகமாக வந்தது என்று ஊரே அதற்கு மாறும். அவருக்கு பம்புசெட் இருப்பதை யாரும் யோசிப்பதில்லை.

மண்வள அட்டையையும் அளவு தெரிந்து படியுங்கள். 2015-ல் திட்டம் தொடங்கியபோது பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பதுதான் விதி. ஆறு ஏக்கருக்கு மேல் ஒரே எண். உங்களுக்கு இருப்பது ஒன்றரை ஏக்கர், அதுவும் உப்பு ஏறிய மூலை என்றால், உங்கள் வயலில் மண் எடுத்துத் தனியாகப் பரிசோதித்துவிட்டு உரம் வாங்குங்கள்.