நீர் மேலாண்மை முதுநிலைப் படிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீர்வள மேலாண்மை வகுப்பில் இப்போது சிவில், வேளாண்மை, புவியியல் படித்தவர்களோடு பொருளாதாரமும் சமூகவியலும் படித்தவர்கள் சேர்ந்து உட்காருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பெயரில் ‘நீர்’ இருக்கிறதே என்று விண்ணப்பம் போட்டுவிடக் கூடாது. கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள மையம் பொறியியல் பக்கம் நிற்கிறது. மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் கொள்கை, நிர்வாகம் பக்கம். எத்தனை தாள் நீரியல், எத்தனை தாள் சட்டம், களப்பணி உண்டா என்று பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அரசில் உதவிப் பொறியாளர் ஆக வேண்டும் என்றால் பொறியியல் பட்டம் வேண்டும். எம்.ஏ. அந்த இடத்தில் கைகொடுக்காது.

சேர்ந்த பிறகு பலரும் செய்வது, அடுத்தவர் துறையைப் பொது அறிவு மாதிரி நினைப்பது. காவிரி வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2007இல் நடுவர் மன்றம், எல்லையில் நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டும் என்று சொன்னது ஆண்டுக்கு 192 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூருவின் தேவைக்காக. மீதி 10, தமிழ்நாட்டின் காவிரிப் படுகையில் இருக்கும் நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்த்ததால் போனது.

சட்டம் படித்தவர் இதை ஒரு பங்கீடாகப் படித்துவிட்டு நகர்ந்துவிடுவார். நிலத்தடி நீரியல் தெரிந்தவர் அங்கேயே நிற்பார்: அந்தத் தண்ணீர் மழையில் ஊறியதா, வாய்க்காலிலும் நடவு வயலிலும் தேங்கிய காவிரி நீர் ஊறியதா? இரண்டாவது என்றால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணுகிறோம். கடலோரத்தில் அதிகமாக இறைத்தால் உப்பு நீர் ஏறுமே என்ற கவலையும் அவருக்கு வரும். இறைப்பதற்கு மின்சாரம் இலவசம், அப்படியிருக்க யார் நிறுத்துவார்கள் என்று கேட்பது பொருளாதாரம் படித்தவர் வேலை. இவர்கள் மூவரும் ஒரே அறையில் உட்கார்ந்து அந்தப் 10 டி.எம்.சி.யைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்தப் படிப்பு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்துகொள்வது இல்லை. அதனால் உங்கள் சொந்தத் துறையைக் கைவிட்டுவிடாதீர்கள். பொறியாளர் ஒருவர் நீரோட்டக் கணினி மாதிரியை (மாடல்) ஓட்டிப் பார்க்கத் தெரியாமல், விவசாயிகளையும் சேர்த்து நிர்வகிக்கும் ‘பங்கேற்பு மேலாண்மை’ பேசினால் இரண்டு பக்கமும் மதிக்க மாட்டார்கள்.

அலகுகளில் இடறுவதும் சகஜம். அணைக்காரர் டி.எம்.சி.யிலும் கன அடியிலும் பேசுவார், பயிர்க்காரர் மில்லிமீட்டரில். விநாடிக்கு ஏறக்குறைய 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி.; ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் நின்றால் 10 கன மீட்டர். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துவிடுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அப்புறம் களப்பணி. பாசன சங்கத் தலைவரைப் பார்த்து, அவர் கொடுத்த டீயைக் குடித்து, கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு திரும்பினால் முதலில் தண்ணீர் பெறும் தலைமடையின் கதைதான் கிடைக்கும். வாய்க்கால் முடியும் கடைமடைக்குப் போங்கள். பட்டாப் பட்டியலை வைத்து ஆள் தேர்ந்தால் நாற்று நடும், களை பறிக்கும் பெண்கள் அதில் இருக்கவே மாட்டார்கள்; ஏனென்றால் பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். மடை திறப்பவரிடம் ஒரு மணி நேரம் பேசினால், எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் போகிறது, யார் சண்டை போட்டு முந்துகிறார்கள் என்பதெல்லாம் வரும். அலுவலகப் பதிவேட்டில் அது இருக்காது.

ஆய்வேட்டுத் தலைப்பை ‘காவிரிப் படுகையின் நீர் நிர்வாகம்’ என்று வைக்காதீர்கள், ஆயுள் போதாது. ஒரு கிளை வாய்க்கால், இரண்டு பருவம், ஒரு கேள்வி போதும். வேறு துறையிலிருந்து இரண்டாவது வழிகாட்டியை வைத்துக்கொள்வதாக இருந்தால் முதல் செமஸ்டரிலேயே போய்ப் பாருங்கள். கடைசியில் கையெழுத்துக்கு மட்டும் போனால், கேள்வியையே மாற்றச் சொல்வார், அது நியாயமாகவும் இருக்கும். தரவுக்கும் அப்படியே. மத்திய அரசின் நீர்வளத் தரவுத் தளமான இந்தியா-வ்ரிஸில் (India-WRIS) கிடைப்பதை முதலில் பாருங்கள். அதில் இல்லாத மதகு வாரியான ஓட்டக் கணக்குக்குத் துறை அலுவலகத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும், தலைப்பு முடிவான வாரமே கொடுத்துவிடுங்கள்.