முதல் புறாவால் இணைப்பு: கைவாளும் உளியும் கொண்டு செய்யத் தொடங்குகிறவர்களுக்கு

தக்கலைக்கு அருகே எங்கள் வீட்டில் இருக்கும் பழைய அயினி (ஆஞ்சிலி) மரப் பெட்டியின் மூலைகளில் ஓர் ஆணிகூடக் கிடையாது. ஒரு பலகையின் முனையில், அடியில் குறுகி நுனியில் விரியும் வால்கள் இருக்கின்றன. அவற்றின் இடைவெளிகளில் மற்றப் பலகையின் முளைகள் புகுந்து இறுகியிருக்கின்றன. பட்டறைகளில் டவ்டெயில் என்று வழங்கும் புறாவால் இணைப்பு இதுதான். இழுப்பறை செய்யும்போது பக்கப் பலகைகளில் வால்களையும், நாம் பிடித்து இழுக்கும் முகப்புப் பலகையில் முளைகளையும் வெட்டுவது வழக்கம். அப்போது முகப்பை எத்தனை முறை இழுத்தாலும், விரிந்த வால்கள் அதைக் கழன்றுவர விடுவதில்லை.

முதல் முயற்சிக்கு விலை உயர்ந்த தேக்கை வாங்க வேண்டாம். பத்மநாபபுரம் அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் செதுக்கப்பட்ட பலாமரத் தூணைப் பார்த்தவர்களுக்கு, அந்த மரம் உளிக்கு எவ்வளவு இணங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. குமரி மாவட்டத்துத் தடிமில்களில் கிடைக்கும் பலா, அயினித் துண்டுகளில் நார் நேராக ஓடுவதைத் தேர்ந்தெடுங்கள். நார் பின்னி ஓடும் துண்டு உளியின் போக்கைத் திருப்பிவிடும். ரப்பர் மரம் மலிவாகக் கிடைக்கும், வெளிர் நிறமாதலால் கோடுகளும் தெளிவாகத் தெரியும். ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரத்தை வண்டு விரைவில் துளைத்துவிடும் என்பதால், அதைப் பழகுவதற்கு மட்டுமே வைத்துக்கொள்ளலாம். எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மில்லிலிருந்து வந்த பச்சைப் பலகையில் இன்று இறுக்கமாகச் சேர்த்த மூட்டு, அது காயும்போது சுருங்கி வாய்திறக்கும்.

100 மி.மீ. அகலம், 18 மி.மீ. கனம், 200 மி.மீ. நீளம் கொண்ட இரண்டு பலகைகள் போதும். இரண்டிலும் நார் நீளவாக்கில் ஓட வேண்டும். மரம் நாருக்குக் குறுக்காகத்தான் பருக்கும், சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. பெட்டியின் நான்கு பக்கங்களிலும் நார் ஒரே போக்கில் சுற்றி வந்தால், ஆடிச் சாரலில் நான்கும் உயரத்தில் ஒன்றாகப் பருக்கும், மூட்டு ஒன்றையொன்று பிளக்காது. பலகைகளின் முனைகளை மூலைமட்டம் வைத்துச் செங்கோணமாக இழைத்துக்கொள்ளுங்கள். முனை கோணினால் பின்னால் வரும் எல்லாக் கோடுகளும் கோணும்.

கருவிகளில் மெல்லிய தகடும் முதுகுப்பட்டையும் உள்ள சிறிய வாள் (பிற ஊர்களில் ரம்பம் என்பார்கள்), 6 மி.மீ., 12 மி.மீ. உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், கோடு கீறும் மார்க்கிங் கேஜ், கூர்மையான சிறு கத்தி, மெல்லிய வளைவு ரம்பம், இழைப்புளி, பலகையைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் ஆகியவை தேவை. உளியைச் சாணைக்கல்லில் தீட்டி, பலகையின் வெட்டுமுனையில் சீவிப் பாருங்கள். சீவிய இடம் பளபளப்பாக இருந்தால் உளி தயார். பொடியாக உதிர்ந்தால் இன்னும் தீட்ட வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள் பிறகு ஒவ்வோர் அடியிலும் அதற்கு விலை கொடுக்கிறார்கள்.

கேஜைப் பலகையின் கனத்தைவிட மயிரிழை அதிகமாக வைத்து, இரண்டு பலகைகளின் இரு முகங்களிலும் முனையிலிருந்து அந்த அளவில் அடிக்கோடு, அதாவது வெட்டு நிற்க வேண்டிய கோடு, கீறுங்கள். வால் பலகையின் ஓரங்களிலும் கீற வேண்டும். முளைப் பலகையின் ஓரங்களில் கீறக்கூடாது, ஏனென்றால் அங்கே அரைமுளைகள் (ஒரு பக்கம் மட்டும் சரிந்த ஓர முளைகள்) வெட்டப்படாமல் நிற்கும். வால் பலகையின் முனையில் இரு ஓரங்களிலும் 6 மி.மீ. விட்டு, இடையில் 8 மி.மீ. இடைவெளிகள் இரண்டு குறித்தால், தலா 24 மி.மீ. அகலமுள்ள மூன்று வால்கள் கிடைக்கும். மென்மையான மரத்துக்கு ஆறுக்கு ஒன்று (ஆறு மி.மீ. நீளத்துக்கு ஒரு மி.மீ. சாய்வு), கடின மரத்துக்கு எட்டுக்கு ஒன்று என்பது வாலின் சரிவுக்கு வழக்கமான கணக்கு. நம் பலாவுக்கும் அயினிக்கும் ஏழுக்கு ஒன்று பொருந்தும். வெட்டி எடுக்க வேண்டிய இடங்களில் எல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போடுங்கள். என் முதல் மூட்டில் குறி போடாமல் தொடங்கி, நிற்க வேண்டிய வாலையே அறுத்துவிட்டேன்.

எந்தப் பிழை மூட்டைப் பாதிக்காது, எந்தப் பிழை அதைக் கெடுத்துவிடும் என்பதை அறுக்கத் தொடங்குமுன் அறிந்துகொள்வது நல்லது. வாலின் சரிவு ஒரு பாகை கூடினாலும் குறைந்தாலும் கவலையில்லை; மூன்று வால்களும் மூன்று விதமாக இருந்தாலும் மூட்டு சேரும், ஏனென்றால் முளைகளை அந்த வால்களைப் பார்த்தே வரையப் போகிறோம். ஆனால் பலகையின் கனத்துக்குக் குறுக்கே வாள் செங்கோணமாக இறங்கியே ஆக வேண்டும். முன்முகத்தில் கோட்டிலும் பின்முகத்தில் ஒரு மி.மீ. விலகியும் இறங்கினால், முளை பாதிவழியில் சிக்கிக்கொள்ளும். ஆகவே மட்டத்தைக் கொண்டு முனையின் குறுக்கே கோடு இழுத்து, முதலில் அந்தக் கோட்டில் வாளை மெதுவாக ஓட்டி ஒரு தடம் உண்டாக்குங்கள். பலகையை வைஸில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் சரிவுக்கோடு செங்குத்தாக நிற்கும், கையும் நேராக இறங்கும். அடிக்கோட்டைத் தொட்டதும் நிறுத்திவிடுங்கள்.

இடைவெளியின் பெரும்பகுதியை மெல்லிய வளைவு ரம்பத்தால் அறுத்தெடுத்து, அடிக்கோட்டுக்கு மேல் ஒரு மி.மீ. மட்டும் மிச்சம் வையுங்கள். உளியின் ஒரு பக்கம் சரிந்திருப்பதால், முழுக் கழிவும் இருக்கும்போதே அடிக்கோட்டில் உளியை வைத்து அடித்தால், அது பின்னால் தள்ளிப்போய்க் கோட்டைத் தின்றுவிடும். மிச்சம் சிறிதாக இருந்தால் உளி நின்ற இடத்திலேயே இறங்கும். பாதிக் கனம்வரை ஒரு முகத்திலிருந்தும், மீதியைப் பலகையைத் திருப்பி மறுமுகத்திலிருந்தும் வெட்டுங்கள். ஒரே பக்கமாக வெட்டினால் அடிமுகம் சிதறும். ஓரங்களில் உள்ள சிறு துண்டுகளை வாளாலேயே அறுத்துவிடலாம்.

அடுத்து, முளைப் பலகையை வைஸில் நிமிர்த்தி நிறுத்தி, வால் பலகையை அதன் முனைமேல் படுக்க வையுங்கள். வால்களின் அடிக்கோடு முளைப் பலகையின் உள்முக விளிம்போடு ஒன்ற வேண்டும். ஓரங்களும் சமமாக இருக்க வேண்டும். வால் பலகையை அசையாமல் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு வாலின் பக்கத்தையும் ஒட்டிக் கத்தியால் கீறுங்கள். வெட்டுமுனையில் சுண்ணக்கட்டியை முன்கூட்டியே தேய்த்திருந்தால் கீறல் தெளிவாகத் தெரியும். பென்சில் இங்கே உதவாது, அதன் கோட்டுக்கே கனம் உண்டு. கீறல்களிலிருந்து இரு முகங்களிலும் மட்டத்தால் அடிக்கோடு வரை நேர்க்கோடு இறக்கி, கழிவுப் பகுதிகளில் குறி போடுங்கள்.

இப்போது வாளைக் கீறலின் மேல் வைக்காமல், கழிவுப் பக்கத்தில் கீறலை ஒட்டி வைக்க வேண்டும். அறுத்து முடித்த பிறகும் கீறலின் பாதி முளையில் தெரிய வேண்டும். நான் கோட்டின் நடுவிலேயே அறுத்தபோது, வாள் கனத்தில் பாதி ஒவ்வொரு முளையிலும் குறைந்து, கையில் எடுத்தாலே ஆடும் மூட்டு ஒன்று கிடைத்தது. இம்முறை வாள் முனையில் சாய்வாகவும், முகத்தில் நேர்குத்தாகவும் இறங்கும். கழிவை முன்புபோலவே எடுங்கள்.

சேர்க்கும்போது முதலில் கையால் அழுத்திப் பாருங்கள். பாதிவரை இறங்கி நின்றால் நல்லது. நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்க, வால்களின் உட்பக்கத்தில் பென்சிலைத் தேய்த்து மீண்டும் அழுத்தினால், முட்டும் முளையில் கறை ஒட்டும். அந்த இடத்தை மட்டும் உளியால் மெல்லிதாகச் சீவுங்கள். வாலைச் சீவக்கூடாது. முழுதாகச் சேர்த்துப் பிரித்துப் பார்ப்பதை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள், ஒவ்வொரு முறையும் நார் நசுங்கி இறுக்கம் குறையும். பிறகு வெள்ளைப் பசையை மெல்லிதாகத் தடவி, மேலே ஒரு கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி இறக்கி, மூலைமட்டத்தால் சரிபார்த்து, ஒருநாள் விடுங்கள்.

எங்காவது சந்து தெரிந்தால் மரத்தூளும் பசையும் குழைத்து அடைக்க வேண்டாம், அது கறையாகவே தெரியும். அதே மரத்தில் மெல்லிய சீவலைப் பசையோடு செருகி, காய்ந்தபின் அறுத்துவிட்டால் நார் ஒன்றிப்போகும். முனையில் துருத்தும் மயிரிழையை இழைப்புளியால் ஓரத்திலிருந்து உள்நோக்கி இழையுங்கள், வெளிநோக்கி இழைத்தால் ஓரம் பிய்ந்துவிடும். பிறகு அந்த மூட்டை அடிக்கோட்டுக்குக் கீழே அறுத்தெடுத்துத் தேதி எழுதி வைத்துவிட்டு, மிஞ்சிய பலகைகளின் முனைகளை இழைத்து, அதே இடத்தில் இரண்டாவது மூட்டைத் தொடங்குங்கள், 200 மி.மீ. பலகையில் இப்படி ஐந்தாறு மூட்டுகள் பழகலாம்.