புளித்த மாவு பொங்காமல் போனது ஏன்? என் அனுபவம்

மூன்று வாரமாக வீட்டில் இட்லி கல் மாதிரி. விடிந்ததும் மூடியைத் திறந்தால் புளிப்பு வாடை மூக்கைத் துளைக்கும். மாவோ ராத்திரி விட்ட மட்டத்திலேயே கிடக்கும். கரண்டியை உள்ளே விட்டால் ஒரு நுரை இல்லை.

உளுந்து பழசோ என்று புதிதாக வாங்கினேன். வெந்தயம் கூட்டினேன். கிரைண்டர் சூட்டுக்குப் பயந்து ஐஸ் தண்ணீர் தெளித்து அரைத்தேன். அடுப்பு ஓரமாக வெதுவெதுப்பில் வைத்ததில் புளிப்புதான் இன்னும் ஏறியது.

கவனிக்க வேண்டியது அதைத்தான்: புளிப்பு உண்டு, காற்று இல்லை. மாவில் முதலில் பெருகும் லியூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியா அமிலத்தோடு கரியமில வாயுவையும் தரும். மாவு உப்புவது பெரும்பாலும் அதனால்தான். அமிலம் ஏற ஏற அது தளர்ந்துவிடும். பிறகு புளிப்பைத் தாங்கும் பீடியோகாக்கஸ் போன்றவற்றின் கை ஓங்கும். அவை வாயு விடுவதில்லை. நானோ சீக்கிரம் புளிக்கட்டும் என்று ஒவ்வொரு முறையும் நன்றாகப் புளித்த பழைய மாவில் ஒரு கரண்டி கலந்து வந்தேன். கடைசியில் வர வேண்டியவை முதல் நாளே குடியேறிவிட்டன.

பாத்திரத்தைக் கொதிநீரில் அலசி, பழைய மாவு ஒரு சொட்டும் சேர்க்காமல், உப்பு போட்டுக் கையால் கரைத்து வைத்தேன். 14 மணி நேரம் பிடித்தது. காலையில் மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அப்பாடா!