மஞ்ச நோட்டீஸ் கொடுக்கலாமா? முடிவெடுக்கும் முன் ஒரு நோட்டு எடுங்கள்

பல்லடம், சோமனூர் பக்கம் ஒருவருக்குக் கடன் தலைக்கு மேல் போய்விட்டால் டீக்கடையில் வரும் அடுத்த பேச்சு, “மஞ்ச நோட்டீஸ் கொடுத்துருவாருங்களா?” என்பதுதான். ஐ.பி. கொடுப்பது என்றாலும் அதேதான். கடனைக் கட்ட வழியில்லை, என்னை நொடித்தவனாக அறிவியுங்கள் என்று கோர்ட்டில் போடும் மனு அது. தறிக்காரர், லாரிக்காரர், பனியன் ஜாப் வொர்க் செய்பவர் போன்ற தனி ஆட்களுக்கு இன்னும் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம்தான். 2016இல் வந்த புதிய திவால் சட்டம் இப்போதைக்குக் கம்பெனிகளுக்கும், கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கும்தான் நடைமுறையில் இருக்கிறது. நீங்கள் பிரைவேட் லிமிடெட் வைத்திருந்தால் உங்கள் பாதை வேறு.

படி 1: எல்லாவற்றையும் எழுதுங்கள்

யாருக்கு, எவ்வளவு, என்ன பத்திரம், யார் ஜாமீன். வீட்டில் சொல்லாமல் வாங்கிய கைமாற்றும் இதில் வரவேண்டும். மனுவிலேயே கடன் கொடுத்த அத்தனை பேரின் பெயர், முகவரி, தொகை, உங்கள் சொத்து விவரம் எல்லாம் கேட்பார்கள். மறைத்தால் ஜெயில் வரை போகும்.

படி 2: கடனைப் பிரியுங்கள்

முடிவு இங்கேதான் இருக்கிறது. நிதானமாகச் செய்யுங்கள்.

பத்துத் தறி வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். தறி மேல் பேங்க் கடன் 12 லட்சம். புரோநோட்டில் சொந்தக்காரர்களிடம் 6 லட்சம். எடுத்த ஏலச்சீட்டில் பாக்கி 3 லட்சம். நூல் வியாபாரிக்குக் கொடுத்த செக் 4 லட்சம். மொத்தம் 25 லட்சம், மனு போட்டால் எல்லாம் போய்விடும் என்று அவர் நினைக்கிறார்.

அப்படி இல்லை. பேங்க் கடனுக்குத் தறி அடமானம், ஐ.பி. அந்த உரிமையைத் தொடாது. பேங்க் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கும். செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை தண்டனை உண்டு, ஐ.பி. அதை நிறுத்தாது. சீட்டுக்கு மச்சான் ஜாமீன் போட்டிருக்கிறார். இவரைக் கோர்ட் கடனிலிருந்து விடுவித்தாலும் மச்சானை விடாது. ஆக, மனுவால் நிஜமாக இறங்கும் பாரம் அந்த 6 லட்சம்தான். அதைக் கொடுத்தவர்களோ பங்காளியும் பெரியப்பாவும். அரசுக்குக் கட்டவேண்டிய வரி, மோசடி செய்து வாங்கிய கடன் இரண்டும் கோர்ட் அப்படி விடுவித்த பிறகும் நிற்கும்.

மீட்டர் வட்டி, ரன் வட்டி போன்ற கொள்ளை வட்டிக் கடன் இருந்தால் அதைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டப்படி அது குற்றம். அதற்கு முதலில் போலீஸ் புகார்தான், ஐ.பி. அல்ல.

படி 3: சொத்தைப் பாருங்கள்

நொடித்தவர் என்று தீர்ப்பானதும் சொத்து கோர்ட் அல்லது ரிசீவர் (சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிக்கும் ஆள்) கைக்குப் போகும். உடுப்பு, சமையல் பாத்திரம், விவசாயியின் கருவிகள் போன்றவை மட்டும் மிஞ்சும். “அதுக்கென்ன, முன்னாடியே வீட்டை சம்சாரம் பேர்ல எழுதிட்டாப் போச்சு” என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். கேட்காதீர்கள். மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்தில் செய்த தான செட்டில்மெண்டைக் கோர்ட் ரத்து செய்யலாம். கடைசி மூன்று மாதத்தில் வேண்டிய ஒருவருக்கு மட்டும் முழுசாகக் கட்டியிருந்தாலும் அதே கதிதான்.

படி 4: ஒரு தடவை பேசிப் பாருங்கள்

பேங்கில் ஓ.டி.எஸ்., அதாவது ஒரு தொகை பேசி ஒரேயடியாகக் கணக்கை முடிப்பது, கேளுங்கள். வாய்வார்த்தையாக அல்ல, எழுத்தில். மக்கள் நீதிமன்றத்திலும் கடன் விவகாரம் எடுக்கிறார்கள். நாலு தறியை விற்றால் மூச்சு விட முடியுமா என்றும் கணக்குப் போடுங்கள். எடைக்குப் போடும் நிலை வரும் முன் விற்றால்தான் அதில் காசு.

இவ்வளவுக்குப் பிறகும் கடனில் பெரும்பங்கு அடமானம் இல்லாததாக, ஜாமீன்காரர் யாரும் மாட்டாததாக, நாளை வரப்போகும் வருமானமும் அதைக் கட்டப் போதாததாக இருந்தால், மனு போடுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை என்பேன். மூன்றில் ஒன்று இடித்தாலும் நான் தயங்குவேன்.

படி 5: மனு

500 ரூபாய்க்குக் குறையாத கடன் இருந்தாலே போடலாம் என்கிறது சட்டம். தொகை அந்தக் காலத்தது. சிவில் வக்கீலைப் பாருங்கள். வசதியில்லை என்றால் கோர்ட் வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவிக்குத் தகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். வக்கீல் அனுப்பும் நோட்டீஸ் மட்டும் யாரையும் தடுக்காது. மனு போட்ட அன்றே எல்லாம் நின்றுவிடாது. தீர்ப்புக்குப் பிறகுதான் கோர்ட் அனுமதி இல்லாமல் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. அது வரை ஃபைனான்ஸ்காரர் வாசலுக்கு வருவார்.

அப்புறம் ஒன்று. நொடித்தவர் என்று தீர்ப்பானதிலிருந்து கோர்ட் விடுவிக்கும் வரை, உங்கள் நிலையைச் சொல்லாமல் யாரிடமும் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. மளிகைக் கடை அண்ணாச்சியின் பற்று நோட்டும் அந்தக் கணக்கில்தான் வரும்.