நிரல்கள் மோதும் ஆட்டப் போட்டிகள்: நல்ல எஞ்சினையும் கவிழ்த்துவிடும் தவறுகள்

நான் எழுதிய செஸ் எஞ்சின், அதாவது செஸ் ஆடும் நிரல், முதன்முதலாகப் போட்டிக்குப் போனபோது, முதல் ஆட்டத்தில் ஒரு காயைக்கூட நகர்த்தவில்லை. வீட்டில் டெர்மினலைத் திறந்து கையால் கட்டளை அடித்துப் பார்த்த ஒவ்வொரு முறையும் உடனே பதில் வந்திருந்தது. போட்டியை நடத்தும் மென்பொருளோடு இணைத்த பிறகோ, கடிகாரம் மட்டும் ஓடியது. நேரம் தீர்ந்து தோல்வி. அடுத்த ஆட்டமும் அப்படியே. நிரல் தன் செயல்களைப் பதிந்து வைக்கும் லாகைத் திறந்தால், இரண்டாவது விநாடியிலேயே ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுவது என்று எஞ்சின் முடிவெடுத்திருந்தது தெரிந்தது. அந்த முடிவு வெளியே வரவே இல்லை.

காரணம் பஃபர், அதாவது வெளியே போக வேண்டிய எழுத்துகளைச் சேர்த்து வைக்கும் தற்காலிக நினைவிடம். சி மொழியில் எழுதிய நிரல் டெர்மினலுக்கு எழுதும்போது வரி முடிந்ததும் அந்த வரி வெளியே போய்விடும். அதே நிரலை பைப் வழியாக இன்னொரு நிரலோடு இணைத்தால், சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை எல்லாம் உள்ளேயே தேங்கி நிற்கும். 'பெஸ்ட்மூவ்' என்ற சொல்லும் நகர்த்தலும் சேர்ந்த வரி மொத்தம் 14 எழுத்து. அது பஃபரின் மூலையில் கிடக்கும். எதிரே இருப்பவர் காத்துக்கொண்டிருப்பார். ஒவ்வொரு வரிக்குப் பின்னும், தேங்கியதை உடனே வெளியே தள்ளும் எஃப்ஃப்ளஷ் கட்டளையைக் கொடுத்தாலோ, தொடக்கத்திலேயே பஃபரை அணைத்துவிட்டாலோ போதும். பைத்தானில் எழுதுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே எஞ்சினை டெர்மினலில் மட்டும் சோதிக்காமல், போட்டியில் எப்படி இணைப்பார்களோ அப்படி இணைத்து முழு ஆட்டம் ஆடவிட்டுப் பாருங்கள்.

தேடலுக்கும் மதிப்பீட்டுக்கும் மாதக்கணக்கில் உழைக்கிறோம். ஆனால் புதியவர்களின் நிரல்கள் போட்டியில் இழக்கும் புள்ளிகளில் பெரும்பகுதி ஆட்ட அறிவோடு தொடர்பே இல்லாத இடங்களில்தான் போகிறது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது இது.

நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆழம் 13, அதாவது 13 நகர்த்தல் முன்னோக்கிய தேடல், முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து, 'இன்னும் நேரம் இருக்கிறது' என்று ஆழம் 14-க்குள் நுழைகிற எஞ்சின்கள் உண்டு. ஆழம் 14-க்கு முந்தையதைப் போல மூன்று மடங்கு நேரம் பிடிக்கலாம். நடுவில் நிறுத்த வழி இல்லையென்றால் அங்கேயே கதை முடிந்தது. ஆயிரம் இரண்டாயிரம் நிலைகளுக்கு ஒருமுறை தேடலுக்குள்ளேயே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். மீதமுள்ள நேரத்தைக் கடைசிச் சொட்டு வரை செலவழிப்பதும் தவறு. நகர்த்தல் உங்கள் நிரலிலிருந்து நடுவர் மென்பொருளுக்குப் போய்ச் சேரவும் நேரம் ஆகும். ஸ்டாக்ஃபிஷ் எஞ்சினிலேயே இதற்கென 'மூவ் ஓவர்ஹெட்' என்று ஓர் அமைப்பு உண்டு. இயல்பாக அது 10 மில்லிவிநாடி. ஒரே கணினிக்குள் ஆடும்போது அது போதும். இணையம் வழியாக ஆடினால் பல மடங்கு கூட்டி வையுங்கள்.

எதிராளியின் நேரத்திலும் யோசிக்கும் வசதியை இயக்கிவிட்டு, இரண்டு எஞ்சின்களையும் ஒரே கணினியில் மோதவிடுவது இன்னொரு தவறு. ஒன்று யோசிக்கும்போது மற்றது அதன் பிராசஸரில் பங்கு கேட்கும். நான்கு கோர் மடிக்கணினியில் நான்கு ஆட்டங்களை ஓடவிட்டு, கூடவே வீடியோவும் பார்த்தால், வரும் முடிவுகள் எதற்கும் உதவாது.

அடுத்தது விதிகள். 'செஸ் விதி யாருக்குத் தெரியாது?' என்று தோன்றும். ஆனால் ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம் என்ற விதி, உலகப் போட்டியையே உலுக்கியிருக்கிறது. 2003-இல் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் நடந்த உலகக் கணினி செஸ் போட்டியில் ஷ்ரெடர், ஜானி என்ற இரண்டு நிரல்கள் மோதின. ஷ்ரெடர் வெல்லும் நிலையில் இருந்தபோது அதிலிருந்த ஒரு பிழையால் ஒரே நிலை மூன்றாம் முறையாக வந்துவிட்டது. ஜானியின் திரையில் அதற்கான செய்தியும் வந்தது. அதை இயக்கியவர் டிரா கேட்காமல் ஆட்டத்தைத் தொடர்ந்தார். ஷ்ரெடர் அந்த ஆட்டத்தை வென்று, ஃபிரிட்ஸ் நிரலோடு முதலிடத்தில் சமனாகி, கூடுதல் ஆட்டத்தில் பட்டத்தையும் வென்றது. முடிவு நிரலுடையதா, அருகில் அமர்ந்திருக்கும் மனிதருடையதா என்ற கேள்வி பெரிய சர்ச்சையானது. என் கருத்தில், நிரல் சொன்னதை அப்படியே நிறைவேற்றுவது மட்டும்தான் இயக்குபவரின் வேலை. பெருந்தன்மையாகச் செய்தாலும், அது அந்த ஆட்டத்தில் இல்லாத மூன்றாவது போட்டியாளரைப் பாதிக்கிறது.

இந்தப் பிழை எஞ்சினுக்குள் எப்படி நுழைகிறது? எஞ்சின் ஒரு நிலையை ஆராய்ந்து 'எனக்கு ஒரு யானை அளவு சாதகம்' என்று ஹேஷ் அட்டவணையில் எழுதி வைக்கிறது. அந்த நிலைக்கு எந்த வழியாக வந்தோம் என்பது அட்டவணையில் இல்லை. மூன்றாம் முறை அதே நிலை வரும்போதும் அட்டவணை 'யானை சாதகம்' என்றே சொல்லும். எஞ்சினும் நம்பி அங்கே போகும். அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே நிலை திரும்பி வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அத்துடன், ஆட்டத்தில் இதுவரை நடந்த எல்லா நகர்த்தல்களையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். எஞ்சினும் போட்டி மென்பொருளும் பேசிக்கொள்ளும் யுசிஐ முறையில் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து முழு நகர்த்தல் பட்டியலும் வருகிறது. கடைசி நிலையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும் எஞ்சின்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்துப் பலகையில் இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தில் விதிச் சிக்கல் இன்னும் கூடுதல். சீன முறையில் கற்களையும் சூழ்ந்த இடத்தையும் சேர்த்து எண்ணுகிறார்கள்; ஜப்பானிய முறையில் சூழ்ந்த இடமும் பிடித்த கற்களும்தான் கணக்கு. சீன முறைக்குப் பழகிய நிரல் கடைசியில் தன் இடத்திலேயே கல் வைத்துக்கொண்டிருக்கும், அதற்கு நட்டமில்லை. ஜப்பானிய முறையில் அப்படி வைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு புள்ளி போகும். சாகப்போகும் எதிரிக் கற்களைப் பலகையிலேயே விட்டுவிட்டு 'பாஸ்' சொல்வதும் ஆபத்து. பலகையில் இருப்பதெல்லாம் உயிருள்ள கல் என்று எண்ணும் போட்டியில் வென்ற ஆட்டம் தோல்வியாகிவிடும். போட்டி அறிவிப்பு வந்ததும் முதலில் விதி எது, வெள்ளைக்குத் தரும் ஈட்டுப்புள்ளி எவ்வளவு என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு தவறு: பத்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வருவது. 'புது வெர்ஷன் பழையதை ஆறரைக்கு மூன்றரை என்று அடித்துவிட்டது' என்று உற்சாகமாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆட்ட வலிமையை எலோ என்ற அளவால் அளக்கிறோம்; 65 சதவீதப் புள்ளி என்றால் சுமார் 107 எலோ கூடுதல். ஆனால் பத்தே ஆட்டத்தில் அதிர்ஷ்டத்தின் வீச்சு எவ்வளவு? டிராக்களையும் சேர்த்து ஓர் ஆட்டத்தின் ஏற்ற இறக்கத்தை 0.4 புள்ளி என்று வைத்தால், உண்மையான அளவு 40 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். அதாவது புது வெர்ஷன் பழையதைவிட 70 எலோ மட்டமாகக்கூட இருக்கலாம். ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் கூட்டியோ குறைத்தோ 17 எலோ வரை சந்தேகம் நிற்கும். வளர்ந்த எஞ்சினில் ஒரு நல்ல திருத்தம் தருவதே ஐந்து எலோ அளவுதான். அதை உறுதியாகப் பிடிக்கப் பத்தாயிரத்துக்கும் மேல் ஆட்டங்கள் வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் குழு 2013 முதல் ஃபிஷ்டெஸ்ட் என்ற அமைப்பில், தன்னார்வலர்களின் கணினிகளைக் கொண்டு, ஆளுக்கு 10 விநாடியும் நகர்த்தலுக்கு 0.1 விநாடியும் தரும் குறுகிய ஆட்டங்களாக இதைச் செய்கிறது. எத்தனை ஆட்டம் என்று முன்கூட்டியே முடிவு செய்வதில்லை. ஒரு பக்கம் தெளிவாகும்வரை ஆடிவிட்டு, புள்ளியியல் சோதனை நிறுத்தச் சொல்லும்போது நிறுத்துகிறார்கள். 'இப்போது முன்னிலையில் இருக்கிறது, இத்தோடு நிறுத்திவிடலாம்' என்று கண்ணால் பார்த்து நிறுத்துவது இதற்கு நேர்மாறானது. அது பொய்யான முன்னேற்றத்தைத்தான் தரும்.

ஆயிரம் ஆட்டம் ஆடியும் ஏமாந்தவர்கள் உண்டு. இரண்டு நிரல்களிலும் சீரற்ற தேர்வு எதுவும் இல்லாமல், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒரே அளவு தேடலும் என்றால், தொடக்க நிலையிலிருந்து அவை ஒரே ஆட்டத்தைத்தான் திரும்பத் திரும்ப ஆடும். நிறம் மாற்றினால் இரண்டு ஆட்டம். ஆயிரம் என்று கோப்பில் இருப்பது உண்மையில் இரண்டு. அதனால்தான் விதவிதமான ஓப்பனிங் நிலைகளைக் கொடுத்து, ஒவ்வொரு நிலையையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவைக்கிறார்கள். டிசெக் எனும் எஞ்சின் போட்டியிலும் இந்த முறைதான். இன்னொன்று: சொந்தப் பழைய வெர்ஷனோடு மட்டும் மோதினால் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். வேறு எஞ்சின்களோடு மோதும்போது அது சுருங்கும்.

சீட்டாட்டத்தில் இந்தச் சிக்கல் பல மடங்கு. ரம்மி ஆடியவர்களுக்குத் தெரியும், கை நன்றாக விழுந்தால் ஆடத் தெரியாதவரும் ஜெயிப்பார். 2006-இல் தொடங்கிய ஆண்டுக் கணினி போக்கர் போட்டி இதற்கு நல்ல வழி கண்டது. ஒரே சீட்டு வரிசையை வைத்து ஆடிவிட்டு, நிரல்களின் நினைவை அழித்து, இடம் மாற்றி அதே சீட்டுகளை மறுபடி கொடுத்தார்கள். முதலில் நல்ல சீட்டு உங்களுக்கு என்றால் அடுத்து எதிராளிக்கு. மனிதர்களோடு மோதும்போது நினைவை அழிக்க முடியாது. அங்கே இருவர் இருவராகப் பிரித்து, ஒரே சீட்டை எதிரெதிர் பக்கம் கொடுத்தார்கள். 2015-இல் கிளாடிகோ என்ற நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 80,000 கை ஆடி ஏழு லட்சத்துக்கும் மேல் சிப் இழந்தது. சீட்டைச் சரிபாதியாக்கிய பிறகும் அது புள்ளியியல் கணக்கில் உறுதியான தோல்வி ஆகாது என்றார்கள் ஆய்வாளர்கள். 2017-இல் பிட்ஸ்பர்க்கில் லிப்ராட்டஸ் என்ற நிரல் மனிதர்களை வென்றபோது ஆடப்பட்டவை 1,20,000 கைகள், 20 நாட்கள். நூறு கை ஆடிவிட்டு 'என் போக்கர் நிரல் வலுவானது' என்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

சீட்டைக் கலைக்கும் நிரல்வரியிலும் கவனம் வேண்டும். 52 சீட்டில் ஒவ்வொன்றையும் எடுத்து 52 இடத்தில் ஏதோ ஓரிடத்துச் சீட்டோடு மாற்றுவது சரி என்று தோன்றும். மூன்றே சீட்டில் செய்து பாருங்கள். மூன்று முறை, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்பு: 27 வழி. ஆனால் மூன்று சீட்டை அடுக்கும் வரிசைகள் ஆறு. 27 ஆறால் வகுபடாது. ஆகவே சில வரிசைகள் ஐந்து வழியிலும் சில நான்கு வழியிலும் வரும், கலைப்பு சாய்ந்துவிடும். ஏற்கெனவே இடம் முடிவான சீட்டைத் தொடாமல், மீதியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். ஃபிஷர்-யேட்ஸ் முறை இதுதான். சீரற்ற எண்களை உருவாக்கத் தொடக்கமாக 32 பிட் விதை எண்ணைக் கொடுத்தால் மொத்தமே சுமார் 429 கோடி வரிசைகள்தான் வரும். 52 சீட்டின் வரிசைகளோ 68 இலக்க எண்.

எப்படி வெல்வது என்பதைப் போட்டியின் மதிப்பெண் முறைதான் சொல்லும் என்பதையும் பலர் மறக்கிறார்கள். 1999-இல் அல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் டார்ஸ் பில்லிங்ஸ் கல்-காகிதம்-கத்தரிக்கோலுக்கு நிரல் போட்டி ஒன்றை நடத்தினார். ஒவ்வொரு மோதலும் 1000 சுற்று. முழுக்கச் சீரற்று ஆடும் நிரலை யாராலும் வெல்ல முடியாது. அதுவும் யாரையும் வெல்லாது, அதனால் நடுவில்தான் நிற்கும். மற்றவர்களின் பழக்கத்தைக் கண்டுபிடித்து அடித்த ஐயோகேன் பவுடர் என்ற நிரல் வென்றது. போக்கர் போட்டியிலும் மொத்தச் சம்பாத்தியத்துக்கு ஒரு பரிசு, கடைசியில் இருப்பவரை ஒவ்வொருவராக நீக்கிக்கொண்டே போகும் முறைக்கு இன்னொரு பரிசு இருந்தது. இரண்டுக்கும் ஒரே நிரல் சிறந்ததாக இருக்க வேண்டியதில்லை.

பிறருடைய நிரல்வரி பற்றி ஒரு சொல். திறந்த மூலம் என்பதால் அள்ளிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். 2011-இல் சர்வதேசக் கணினி ஆட்டச் சங்கம், ரிப்கா என்ற செஸ் எஞ்சினில் கிராஃப்டி, ஃப்ரூட் என்ற வேறு எஞ்சின்களின் நிரல்வரி இருப்பதாக முடிவெடுத்து, 2007 முதல் 2010 வரையிலான நான்கு உலகப் பட்டங்களையும் பறித்தது. நிரல் நூலகமோ நியூரல் நெட்வொர்க்கோ எதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று பதிவுப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

போட்டிக்கு முந்தின இரவு ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள், எவ்வளவு சின்னத் திருத்தமானாலும். அந்த இரவில் லாக் ஒழுங்காக எழுதப்படுகிறதா என்று மட்டும் பாருங்கள்: வெர்ஷன் எண், உள்ளே வந்த ஒவ்வொரு வரி, வெளியே போன ஒவ்வொரு வரி, இரண்டு கடிகாரங்களும். மறுநாள் ஆட்டம் தோற்றால், 31ஆவது நகர்த்தலில் எஞ்சினிடம் எத்தனை மில்லிவிநாடி மீதமிருந்தது என்று அந்தக் கோப்பைத் திறந்து பார்க்க முடிய வேண்டும்.